பின்வரிசையில் நிற்பவர்

ஹாக்கி என்றதும் புனேயில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் முதலில் வரும் பெயர் தன்ராஜ் பிள்ளை. அதில் வியப்பில்லை. கட்கியில் ஆர்டனன்ஸ் ஃபேக்டரி குடியிருப்பில் வளர்ந்த தமிழர். 4 ஒலிம்பிக், 4 உலகக் கோப்பை ஆடியவர். நம் பிள்ளைகளும் ஸ்டிக்கைக் கையில் எடுத்ததும் அவரைப் போலவே முன்னால் பாய்ந்து கோல் போட ஆசைப்படுகிறார்கள். பயிற்சியாளர் "நீ பின்னால் நில்" என்று சொல்லிவிட்டால் பிள்ளையின் முகம் வாடிவிடுகிறது. பையனை ஒதுக்கிவிட்டார்களே என்று பெற்றோருக்கும் மனத்தாங்கல். ஆட்டத்தையே நிறுத்திவிடலாமா என்று என்னிடம் கேட்டவர்களும் உண்டு. அவர்களுக்காகவே இக்கட்டுரை.

தன்ராஜ் முன்னால் ஓடிய காலத்தில் இந்திய அணியின் பின்வரிசையைக் காத்தவர்களில் முக்கியமானவர் திலீப் திர்க்கி. ஒடிசா மாநிலம் சுந்தர்கட் மாவட்டத்தில் சௌனாமரா என்ற கிராமத்தில் 1977-ல் பிறந்த பழங்குடி இளைஞர். அந்தப் பகுதியில் மூங்கிலை வளைத்து ஸ்டிக் செய்து ஆடுவார்கள். போட்டியில் வென்ற அணிக்கு ஆட்டுக்கிடா பரிசு! அங்கிருந்து கிளம்பியவர் 1995-ல் இந்திய அணிக்குள் வந்து 2010 வரை நிலைத்தார். அட்லாண்டா, சிட்னி, ஏதென்ஸ் என 3 ஒலிம்பிக். ஏதென்ஸில் அவரே கேப்டன். மொத்தம் 412 சர்வதேச ஆட்டங்கள். 32 ஆண்டுகளுக்குப் பிறகு இந்தியா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற 1998 பாங்காக் அணியில் தன்ராஜ் கேப்டன், திர்க்கி ஃபுல்பேக்.

ஃபுல்பேக்கின் வேலை என்ன? பந்தோடு வருபவர் மேல் பாய்ந்து பறிப்பதுதான் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிப் பாய்ந்தால் எதிராளி பந்தை ஒரு பக்கம் தட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். நல்ல ஃபுல்பேக் பொறுமையாகப் பின்வாங்கிக்கொண்டே, எதிராளியைக் கோலுக்கு நேராக வரவிடாமல் ஓரக்கோட்டுப் பக்கம் ஒதுக்குவார். அவர் பந்தின் மேல் பிடி தளரும் அந்த நொடியில்தான் ஸ்டிக்கை நீட்டுவார். கோலுக்கு முன்னுள்ள 14.63 மீட்டர் வட்டத்துக்குள் அவர் காலில் பந்து பட்டாலும் எதிரணிக்குப் பெனால்டி கார்னர் கிடைக்கும். அப்போது கோல்கீப்பரையும் சேர்த்து ஐந்து பேர்தான் தடுக்க நிற்கலாம்; மற்றவர்கள் மைதானத்தின் நடுக்கோட்டுக்குப் போய்விட வேண்டும். மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வரும் பந்தை நோக்கி ஒருவர் எதிரே ஓடியாக வேண்டும். இதற்குத் துணிச்சல் குறைவாகவா வேண்டும்?

திர்க்கி வந்த புதிதில் இன்னொரு மாற்றமும் நடந்தது. 1996-ல் பரீட்சார்த்தமாகவும் 1998-ல் நிரந்தரமாகவும் ஆஃப்சைடு விதி நீக்கப்பட்டது. அதற்குமுன் எதிரணி ஆட்டக்காரர் கோல் வாயிலிலேயே போய் நின்று பந்துக்குக் காத்திருக்க முடியாது. விதி போனபின் எங்கு வேண்டுமானாலும் நிற்கலாம் என்றாயிற்று. அதனால் பின்வரிசைக்கு முன்னே வருபவரையும் பார்க்க வேண்டும், முதுகுக்குப் பின்னே நிற்பவரையும் பார்க்க வேண்டும்.

ஒரு கணத் தடுமாற்றத்துக்கு என்ன விலை என்பதைச் சிட்னி 2000 காட்டியது. அணியின் பயிற்சியாளர், 1980 மாஸ்கோவில் தங்கம் வென்ற அணியின் கேப்டனான நம் தமிழ்நாட்டு வாசுதேவன் பாஸ்கரன். போலந்தை வென்றால் அரையிறுதி. இந்தியா 1-0 என்று முன்னிலை. ஆட்டம் முடிய இரண்டு நிமிடம்கூட இல்லாதபோது போலந்து கோல் போட்டுச் சமன் செய்தது. அரையிறுதி கைநழுவிப் போயிற்று. அதற்குமுன் அறுபத்தெட்டு நிமிடம் கோலைக் காத்ததை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

இதைப் பார்க்கும்போது என் ரயில்வே நாட்கள் நினைவுக்கு வரும். போர் காட் மலைப்பாதையில் கொட்டும் மழையிலும் கீமேன் தோளில் சுத்தியலும் ஸ்பேனருமாகத் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே நடப்பார். தளர்ந்த போல்ட்டை இறுக்குவார். வண்டி பத்திரமாகப் போய்ச் சேர்ந்தால் பயணிகளில் ஒருவருக்கும் அவர் பெயர் தெரியாது. தவறு நடந்தால் மட்டும் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஃபுல்பேக்கின் நிலையும் அதுவே. நடக்காமல் போன கோலுக்குக் கணக்கு எழுதுவது எப்படி?

அதற்கும் ஒரு வழி கண்டிருக்கிறார்கள், கனடாவில். நம் உறவினர் பலர் குடியேறியுள்ள அந்நாட்டில் ஐஸ் ஹாக்கிதான் உயிர். பனித்தளத்தில் அணிக்கு ஆறு பேர். கோல்கீப்பர் போக இருவர் தற்காப்பு ஆட்டக்காரர்கள். அங்கே ஒவ்வொருவருக்கும் கூட்டல்-கழித்தல் கணக்கு உண்டு. நீங்கள் களத்தில் இருக்கும்போது உங்கள் அணி கோல் போட்டால், போட்டவர் யாராக இருந்தாலும் உங்களுக்கு ஒன்று கூடும். எதிரணி போட்டால் ஒன்று குறையும். சில விதிவிலக்குகள் தவிர அவ்வளவுதான். இக்கணக்கில் 1970-71 பருவத்தில் பாபி ஓர் பெற்ற 124 என்ற சாதனை இன்னும் முறியடிக்கப்படவில்லை. அவர் ஒரு தற்காப்பு ஆட்டக்காரர்!

நம் ஹாக்கியில் அப்படி ஒரு கணக்குப் புழக்கத்தில் இல்லை என்றாலும் திர்க்கியின் உழைப்பு வீண்போகவில்லை. 2002-ல் அர்ஜுனா விருது, 2004-ல் பத்மஸ்ரீ. 2012 முதல் 2018 வரை மாநிலங்களவை உறுப்பினர். 2022-ல் ஹாக்கி இந்தியாவின் தலைவராகத் தேர்வானார். மூங்கில் ஸ்டிக் பிடித்த பகுதியின் பிள்ளை பின்வரிசையில் நின்றே எட்டிய உயரம் இது.

ஆகவே பெற்றோர்களே, பயிற்சியாளர் உங்கள் பிள்ளையைப் பின்னால் நிறுத்தினால் வருந்தாதீர்கள். பதறாதவன், மைதானம் முழுவதையும் பார்ப்பவன் என்று நம்பித்தான் பெரும்பாலும் அந்த இடத்தைத் தருகிறார்கள். மாலையில் வீடு திரும்பும் பிள்ளையிடம் "இன்றைக்கு எத்தனை கோல் போட்டாய்?" என்பதை விட்டு, "எத்தனை பேரைத் தடுத்தாய்?" என்று கேட்டுப் பாருங்கள். அவன் சொல்லத் தொடங்கினால் நிறுத்த மாட்டான்.