மரபிழையைச் செப்பனிடும் நொதிகள்

அரபு எழுத்துகளுள் ஜீம், ஹா, கா ஆகிய மூன்றின் வடிவமும் ஒன்றே. புள்ளியின் இருப்பும் இடமுமே அவற்றைப் பிரித்துக் காட்டுகின்றன. புள்ளி பிறழ்ந்தால் சொல் மாறும், பொருளும் மாறும். பழஞ்சுவடிகளைப் படியெடுத்தோர் இதனால் பட்ட பாட்டை நாம் அறிவோம். உயிரணுவின் டி.என்.ஏ. இழையிலும் இத்தகைய பிழை நாள்தோறும் நேர்கிறது. அதற்கு வெயிலோ புகையோ நஞ்சோ தேவையில்லை. உயிரணுவை நிறைத்திருக்கும் நீரே போதும்.

அவ்விழையின் நான்கு எழுத்துகளுள் ஒன்று சைட்டோசின். நீருடன் வினைபுரிந்து தன் அமினோ தொகுதியை இழந்தால் அது யுராசிலாகிவிடும். ஒரு மனித உயிரணுவில் நாளொன்றுக்கு நூறு முறையேனும் இவ்வாறு நிகழ்வதாக மதிப்பிட்டுள்ளனர். சைட்டோசின் குவானினோடு இணைவது. யுராசிலோ அடினினோடு இணைவது. ஆகவே, திருத்தப்படுமுன் இழை படியெடுக்கப்படின் பிழை நிலைபெற்றுவிடும்.

இங்ஙனம் எளிதிற் சிதையும் ஒரு பொருள் தலைமுறைதோறும் நிலைத்திருப்பது எவ்வாறு என வினவியவர் ஸ்வீடன் நாட்டு அறிஞர் தோமஸ் லிண்டால். யுராசிலை நீக்கும் நொதியை 1974ஆம் ஆண்டில் அவர் ஒரு பாக்டீரியாவில் கண்டறிந்தார். 2015ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசை அவரும் பால் மோட்ரிச், துருக்கியிற் பிறந்த அஸீஸ் சன்ஜார் ஆகியோரும் பகிர்ந்து பெற்றனர். புற ஊதாக் கதிரால் விளையும் சிதைவு செப்பனிடப்படும் முறையை விளக்கியவர் சன்ஜார். அது தனிக் கட்டுரைக்குரியது.

லிண்டால் கண்ட நொதி இழையைத் தடவிச் சென்று, யுராசிலை வெளியே புரட்டித் தன் குழிவுக்குள் ஏற்கிறது. அக்குழிவில் யுராசில் மட்டுமே பொருந்தும். பின்னர் அதனைச் சர்க்கரையோடு பிணைக்கும் பிணைப்பை மட்டும் அறுக்கிறது. எழுத்து நீங்கிய அவ்விடத்தில் மற்றொரு நொதி இழையை வெட்டுகிறது. பாலிமரேஸ், எதிரிழையின் குவானினை நோக்கிச் சைட்டோசினை இடுகிறது. லைகேஸ் வெட்டை மூடுகிறது. திருத்துவோர்க்கு எதிரிழையே மூலப்படி.

ஆர்.என்.ஏ.யில் யுராசில் இயல்பான எழுத்தாயிருக்க, டி.என்.ஏ.யில் மட்டும் அதனிடத்தே தைமின் அமைந்தது ஏன்? அறிஞர் கூறும் விடை நயமானது. டி.என்.ஏ.யிலும் யுராசில் இயல்பாக இருந்திருந்தால், உரிய யுராசில் எது, சைட்டோசின் சிதைந்து வந்தது எது என நொதி எங்ஙனம் பிரித்தறியும்? தைமின் என்பது மெத்தில் தொகுதி ஏறிய யுராசிலே. அச்சிறு அடையாளம் உரியதை அயலிலிருந்து பிரித்துவிடுகிறது.

ஆயினும் ஓர் இடர் எஞ்சுகிறது. சைட்டோசின்கள் சிலவற்றின் மீதும் மெத்தில் தொகுதி ஏற்றப்பட்டுள்ளது. அவை அமினோ தொகுதியை இழந்தால் தைமினாகவே மாறிவிடும். குவானினுக்கெதிரே தைமின் நிற்கும். இரண்டுமே இழைக்குரிய எழுத்துகள். அத்தைமினை நீக்கவும் நொதிகள் உள்ளன. எனினும் யுராசிலை நீக்கும் நொதிக்குள்ள திறம் அவற்றுக்கில்லை. புற்றுநோயைத் தடுக்கும் பி53 மரபணுவில் திரும்பத் திரும்பக் காணப்படும் பிழைகள் பல இத்தகைய இடங்களிலேயே நேர்ந்துள்ளன.