கனிஷ்கரின் எழுத்தும் என் மகளின் கடிதமும்

பொம்மனஹள்ளியில் கன்னடப் பள்ளியில் படிக்கும் என் மகள், ஊரிலிருக்கும் பாட்டிக்குக் கடிதம் எழுதினாள். மொழி தமிழ், எழுத்தோ கன்னடம்! மனம் சங்கடப்பட்டது. அன்றிரவு அவளுடைய சரித்திரப் பாடத்தில் கனிஷ்கர் வந்தார்.

கனிஷ்கரின் முன்னோர் யூச்சி என்னும் நாடோடிகள். சீனாவின் கான்சு பகுதியில் வாழ்ந்தவர்களை, கி.மு. 2ஆம் நூற்றாண்டில் சியோங்னு என்ற மற்றொரு நாடோடிக் கூட்டம் விரட்டியது. மேற்கே நடந்து பாக்ட்ரியாவில் குடியேறினர். அவர்களில் குஷாணர் குலம் தலையெடுத்தது. கனிஷ்கர் பட்டமேறியது கி.பி. 78 என்று நாம் படித்தோம். 127 என்பதே இன்று பல ஆய்வாளர்களின் கருத்து.

மதுரா அருங்காட்சியகத்திலுள்ள அவர் சிலைக்குத் தலையில்லை. ஆனால் நீண்ட அங்கியும் கனத்த பூட்ஸும் அப்படியே உள்ளன. வெயில் நாட்டை ஆண்டும் குளிர்நாட்டு உடையை விடவில்லை! அவர் நாணயங்களிலோ கிரேக்க, ஈரானியத் தெய்வங்களோடு புத்தரும் உண்டு.

ஆட்சித் தொடக்கத்தில் நாணயங்களில் கிரேக்க மொழி இருந்தது. அதை நீக்கிப் பாக்ட்ரிய மொழியைப் பொறித்தார், கிரேக்க எழுத்திலேயே! கிரேக்கத்தில் 'ஷ' ஒலிக்கு எழுத்தில்லை. அதற்கென ஒரு புது எழுத்தைச் சேர்த்துக் கொண்டார்கள். 1993இல் ஆப்கானிஸ்தானின் ரபாதக்கில் கிடைத்த அவர் கல்வெட்டும் இவ்வகையே.

கடிதத்தை மீண்டும் பார்த்தேன். இன்றைய கன்னடத்தில் 'ழ' இல்லாததால் 'வாளைப்பளம்' என்றிருந்தது. மகளைக் கடிந்துகொள்ளவில்லை. இரவல் எழுத்து குற்றமல்ல. நம் ஒலி தொலைவதுதான் நஷ்டம். முதலில் 'ழ' எழுதக் கற்றுக்கொடுத்தேன். அடுத்த கடிதத்தைப் பாட்டியே படிப்பார்.