திருமழிசை 27 பைட்டு

2020 மே மாதம் கோயம்பேடு சந்தை மூடப்பட்டு, காய்கறி மொத்த வியாபாரம் திருமழிசைக்கு இடம் மாறியது. அந்தக் கொரோனா ஊரடங்கில் மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் வேண்டியிருந்தது. திருமணம், மருத்துவ அவசரம், உறவினர் இறப்பு என்று காரணம் காட்டி, இணையத்தில் படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. சாவு வீட்டுக்குப் போய் முகம் பார்க்க முடியுமா என்பதே ஒரு பொத்தானை அழுத்திய பின் நடப்பதைப் பொறுத்திருந்தது. அப்படி அழுத்தும்போது நாம் எழுதியது எங்கே போகிறது?

ஒருவர் ‘ஊர்’ என்ற கட்டத்தில் தமிழிலேயே திருமழிசை என்று தட்டுகிறார். கண்ணுக்கு ஐந்து எழுத்து. யூனிகோடின் கணக்கில் ஒன்பது, ஏனென்றால் ‘தி’ என்பது தகரமும் இகரக் குறியும் சேர்ந்த இரண்டு. ‘ரு’, ‘ழி’, ‘சை’ மூன்றும் அப்படியே. யு.டி.எஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட்டு, ஆக 27. கதை அங்கேயும் முடியவில்லை. சாதாரணப் படிவம் இந்த ஒவ்வொரு பைட்டையும் ஒரு சதவீதக் குறியாகவும் இரண்டு பதினறும இலக்கங்களாகவும் மாற்றி அனுப்புகிறது. ஆங்கில எழுத்து, இலக்கம், சில குறிகள் மட்டுமே அந்த முறையில் அப்படியே போகும். ஐந்தெழுத்து ஊர் 81 குறிகளாக நீண்டு கம்பியில் ஓடுகிறது.

மறுமுனையில் அதை வாங்குவது, ஜாவா உலகில், சர்வ்லெட் என்னும் சிறு நிரல். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1997-இல் வெளியிட்ட ஏற்பாடு இது. இன்றும் டாம்கேட் போன்ற சர்வர்களின் உயிர்நாடி. ஊர்க் கட்டத்தில் இருப்பதைக் கொடு என்று கேட்க ஒரு வரி, கோப்பின் கடைசியில் சேர் என்று சொல்ல இன்னொரு வரி. பார்க்க அவ்வளவுதான். ஆனால் தமிழ்ப் பெயர் சிதைவது இந்த இரண்டு வரிகளுக்கு நடுவில்தான்.

எந்தக் குறியீடு என்று உலாவி பெரும்பாலும் சொல்வதில்லை. சொல்லாவிட்டால் சர்வ்லெட் விதி அதை மேற்கு ஐரோப்பிய எழுத்து என்று எடுத்துக்கொள்ளும். தலையில் கோடு போட்ட ஏ, வட்டத்துக்குள் அடைபட்ட ஆர் என்று ஊர்ப்பெயர் வந்து நிற்கும். இந்த நோய்க்கு மருந்து உண்டு. பைட்டுகள் மாறவில்லை, தவறாகப் படிக்கப்பட்டன, அவ்வளவே. திருப்பிப் படித்தால் திருமழிசை மீளும். படிவத்தைத் தொடுவதற்கு முன்பே யு.டி.எஃப்-8 என்று சொல்லிவிட்டால் நோயே வராது.

எழுதும்போது நேரும் சேதம் கொடுமையானது. பழைய ஜாவாவில், குறியீடு சொல்லாமல் கோப்பைத் திறந்தால் அந்தக் கணினியின் வழக்கமே சட்டம். ஆங்கில விண்டோஸில் அந்த வழக்கத்துக்குத் தமிழே தெரியாது. ஒன்பது குறிகளும் ஒன்பது கேள்விக்குறிகளாகிவிடும். அவற்றிலிருந்து எந்த ஊரையும் மீட்க முடியாது. நிரலோ பிழை எதுவும் சொல்லாது. ‘பதிவு வெற்றி’ என்றே திரையில் வரும். 2022 மார்ச்சில் வந்த ஜாவா 18-இல்தான் எல்லா இடத்திலும் யு.டி.எஃப்-8 இயல்பாக ஆனது. அது தமிழருக்குப் பெரிய நன்மை என்றே நான் நினைக்கிறேன்.

இன்னொரு சிக்கல் கூட்டம். சர்வ்லெட் பொதுவாக ஒன்றே ஒன்றுதான் உயிரோடிருக்கும். நூறு பேர் ஒரே நேரத்தில் அழுத்தினால் நூறு இழைகள், அதாவது நூறு வேலை ஓட்டங்கள், அதற்குள் ஓடும். கல்யாண வீட்டு மொய் நோட்டில் இரண்டு பேர் ஒரே வரியில் எழுதினால் ஒருவர் பெயரும் மற்றவர் தொகையும் பிணைந்துவிடுவதைப் போல, கோப்பில் வரிகள் பின்னிக்கொள்ளும். ஒருவர் எழுதி முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்க ‘சிங்க்ரனைஸ்டு’ என்ற ஒரு சொல்லை ஜாவா வைத்திருக்கிறது. முகவரிக் கட்டத்தில் யாராவது என்டர் தட்டினால் ஒரு பதிவு இரண்டாக உடையும். அதையும் முன்பே மாற்றிவிட வேண்டும். கோப்பு இணையதளத்தின் கோப்புறைக்கு வெளியே இருக்க வேண்டியது கட்டாயம். உள்ளே இருந்தால் அதன் இணைய முகவரி தெரிந்த எவரும் எல்லாருடைய பெயரையும் வண்டி எண்ணையும் இறக்கிக்கொள்ள வழி உண்டு.

இவ்வளவு கவனித்த பிறகும் எழுத்து வட்டில் பதிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. இயங்குதளம் அதை முதலில் நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, வசதிப்படும்போதுதான் வட்டுக்கு அனுப்பும். அந்த இடைவெளியில் மின்சாரம் போனால் பதிவும் போகும். ‘ஃபோர்ஸ்’ என்ற ஆணையைக் கொடுத்து, அது முடிந்த பிறகே வெற்றி என்று சொல்வதுதான் நேர்மை. நேரம் கூடும், ஆனாலும் தகும்.

பதிவுகள் லட்சத்தைத் தொட்டால், தேடவும் திருத்தவும் தரவுத்தளம் வேண்டும். போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளம் தன் அட்டவணைகளை வட்டில் மாற்றுவதற்கு முன் என்ன செய்கிறது தெரியுமா? நடந்த மாற்றத்தைத் தன் பதிவுக் கோப்பின் கடைசியில் சேர்த்து, வட்டுக்குத் தள்ளிவிட்டு, அதன் பிறகே ‘முடிந்தது’ என்கிறது.