மை மேலே, சாயம் உள்ளே

கோரிமேட்டில் ஜிப்மர் பக்கத்துக் கடையில் நீல நிற பெர்மனென்ட் மார்க்கர் ஒன்று வாங்கினேன். அக்கா மகன் வெள்ளை ஃபிரிஸ்பித் தட்டை நீட்டி, "மாமா, இதுல ஒரு மயில் போட்டுக் குடுங்க" என்று கேட்டிருந்தான். போட்டுக் கொடுத்தேன். மழையில் நனைந்தும் மயிலுக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் சானிடைசர் தடவிய ஈரக் கையோடு தட்டைப் பிடித்தான். மயிலின் கழுத்து அவன் விரலில் வந்துவிட்டது.

காரணம் தெரிய ஒரு சொட்டுத் தண்ணீர் போதும். தட்டில் விட்டால் முத்துப்போல் உருண்டு நிற்கும். தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். தட்டுக்கான பாலிஎத்திலீனின் பரப்பு ஆற்றலோ 31 அளவில்தான். தன்னைவிட அதிக இழுவிசை உள்ள நீரை அது பரவ விடாது. மார்க்கர் மையில் இருப்பது ஆல்கஹால். எத்தனாலுக்கு இழுவிசை 22தான், ஆகவே வழுக்கிப் பரவுகிறது. சில நொடிகளில் அது ஆவியாகிவிட, நிறமும் பிசினும் மெல்லிய ஏடாகப் படிகின்றன. பிளாஸ்டிக்குக்குள் எதுவும் இறங்குவதில்லை. மறுபடி ஆல்கஹால் பட்டால் ஏடு கரைந்துவிடும். சானிடைசரில் இருப்பதும் அதேதான்.

தட்டை எறிந்து, சங்கிலி தொங்கும் கூடையில் விழச் செய்யும் டிஸ்க் கோல்ஃப் ஆட்டக்காரர்களுக்குத் தட்டை அலங்கரிப்பதே தனிக் கலை. அதற்கும் விதி உண்டு: மை, சாயம் ஆகலாம், தடவினால் தட்டுப்படும் கனத்துக்குப் பெயிண்ட் ஆகாது. அவர்களுடைய விலை கூடிய தட்டுகள் பாலியூரித்தேன். பாலியஸ்டர் துணிக்குப் போடும் சாயம் அந்தப் பிளாஸ்டிக்கின் மேல்தோலுக்குள் ஊறிவிடும். பிறகு தேய்த்தாலும் எளிதில் வெளுக்காது. பாலிஎத்திலீனில் இந்த வித்தை பலிக்காது.

மருத்துவக் கல்லூரிகளின் நுண்ணுயிரியல் கூடங்களில் அன்றாடம் நடப்பதும் ஏறக்குறைய இதே கதைதான். 1884இல் டென்மார்க்கின் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் வெளியிட்ட சோதனையில், பாக்டீரியாவுக்கு ஊதாச் சாயம் ஏற்றி, அயோடின் சேர்த்து, ஆல்கஹாலால் கழுவுவார்கள். தடித்த சுவருள்ளவை சாயத்தை உள்ளே பிடித்துக்கொள்ளும். மெல்லிய சுவருள்ளவை விட்டுவிடும். எந்த மருந்து கொடுப்பது என்று மருத்துவர் யோசிக்கத் தொடங்குவதே பல நேரம் அந்த நிறத்தைப் பார்த்துத்தான். எனக்கு இதில் தீராத வியப்பு.

மயிலை மறுபடி வரைந்தேன். முதலில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் கைப்பிசுக்கைத் துடைத்தேன். இந்த முறை தட்டின் அடிப்புறத்தில், விரல் அதிகம் படாத நடுவில். வீசும்போது கீழே நிற்பவர்களுக்குத் தோகை தெரிகிறது.