பெரிய பெட்டி, குறுகிய வாசல்

'கடலுக்குப் போகாதீர்கள்' என்ற இரண்டு சொற்களைக் கணினியில் சேமிக்க 64 பைட் போதும். யூனிகோடின் யூ.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட், நடுவில் உள்ள இடைவெளிக்கு 1 பைட். எழுத்தோடு சேரும் உயிர்க்குறி, புள்ளி ஒவ்வொன்றையும் தனிக் குறியீடாக எண்ணினால் கணக்கு நேராகிவிடும்.

புதுச்சேரியின் கடலோர ஊரான வீராம்பட்டினத்தில் இந்த 64 பைட்டுக்கு உயிர் விலை உண்டு. 1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களை அமைக்கத் தொடங்கியது. தலைமை மையம் வில்லியனூரில். அங்கிருந்தவர்கள் தொலைபேசி வழியே இணையத்தைப் பிடித்து, அமெரிக்கக் கடற்படையின் தளத்தில் வெளியாகும் அலை உயர முன்கணிப்பை இறக்குவார்கள். அதைத் தமிழாக்கி வி.எச்.எஃப். வானொலிக் கருவி மூலம் கரையோர ஊர்களுக்கு அனுப்புவார்கள். வீராம்பட்டினத்தில் அது ஒலிபெருக்கியில் முழங்கும். சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 அன்று இதே கரையிலுள்ள நல்லவாட்டில், சிங்கப்பூரில் வேலை பார்த்த ஊர்க்காரர் தொலைபேசியில் எச்சரித்ததும், ஊரைக் கிளப்பியது இந்தத் திட்டத்தின் ஒலிபெருக்கிதான்.

அந்த வானொலி இணைப்புகள் குரலையும் தரவையும் சேர்த்தே சுமந்தன. வானொலி வழி என்பது கரடுமுரடான வழி. இரைச்சலில் பிட்டுகள் சிதையும். லட்சம் பிட்டுக்கு ஒன்று கெடுகிறது என்று வைத்துக்கொள்வோம். தரவை 576 பைட் பொட்டலமாக, அதாவது பாக்கெட்டாக, அனுப்பினால் 100-இல் நாலைந்து பழுதாகும். 1500 பைட் என்றால் 11. அதையே 9000 பைட்டாக அனுப்பினால் 51, அதாவது பாதிக்கு மேல் குப்பை. ஒரு பிட் கெட்டாலும் முழுப் பாக்கெட்டையும் மறுபடி அனுப்ப வேண்டும் என்பதால்தான் இந்த நிலை. மேடு பள்ளமான பாதையில் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி அனுப்புவதே புத்தி.

இனி அதே புதுச்சேரியில், வெள்ளையர் நகரம் என்று இன்னும் அழைக்கப்படும் பகுதிக்கு வாருங்கள். 1955-இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் அங்கே இருக்கிறது. புதுச்சேரியில் பாதுகாக்கப்படும் சைவச் சுவடிகள், சுமார் 11,000, யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் 2005-இல் இடம்பெற்றன. இப்படிப்பட்ட ஓலைகளைப் படமெடுத்து வைக்கும் வேலை இன்று தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் பல இடங்களில் நடக்கிறது. ஓலையின் நரம்பும் எழுத்தாணிக் கீறலும் தெரிய வேண்டுமானால் படக்கோப்பு பெரிதாகத்தான் இருக்கும். ஒரு படம் 60 மெகாபைட் என்று கொண்டால், மேலே சொன்ன எச்சரிக்கையைப் போல ஒன்பது லட்சத்துக்கும் மேல் அதில் அடங்கும். ஸ்கேன் செய்யும் அறையிலிருந்து சேமிப்பு சர்வருக்கு நாள் முழுக்க இந்தப் படங்கள் போய்க்கொண்டே இருக்கும். இதற்கு ஸ்டோரேஜ் டிராஃபிக் என்று பெயர். இந்தச் சரக்குக்கு எவ்வளவு பெரிய பெட்டி வேண்டும் என்பதுதான் நம் பேச்சு.

இப்போது புழக்கத்தில் உள்ள பெட்டியின் அளவு 1500 பைட். இது கணினிகளைக் கேபிளால் இணைக்கும் ஈதர்நெட் முறையின் ஆரம்ப காலத்துச் சொத்து. ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் 1973-இல் ராபர்ட் மெட்கால்ஃபும் டேவிட் பாக்ஸும் உருவாக்கத் தொடங்கிய ஈதர்நெட்டை, 1980-இல் டிஜிட்டல், இன்டெல், ஜெராக்ஸ் மூன்றும் சேர்ந்து வரையறுத்தபோது இந்த உச்சவரம்பு வந்தது. அப்போது நினைவகச் சில்லு பொன் விலை. தவிர, ஒரே கேபிளை எல்லாக் கணினிகளும் பங்கு போட்டுக்கொண்டன. ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். விநாடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் 1500 பைட்டை அனுப்ப 1.2 மில்லி விநாடி ஆகும். அதற்கு மேல் ஒருவரே கேபிளைப் பிடித்து வைக்கக் கூடாது என்பது நியாயம்தான்.

வேகம் 10 மெகாபிட்டிலிருந்து 10 கிகாபிட்டாக ஆயிரம் மடங்கு வளர்ந்துவிட்டது. பெட்டி மட்டும் வளரவில்லை.

வீராம்பட்டினத்துக் கரையில் காலை ஏலம் பார்த்தவர்களுக்கு இதன் விளைவு சட்டென்று புரியும். ஒவ்வொரு கூடைக்கும் ஒரு கூவல், ஒரு விலை, நோட்டில் ஒரு வரி, தூக்கிவிட ஓர் ஆள். கூடை சிறிதோ பெரிதோ, இந்தச் சடங்கு மாறுவதில்லை. ஐஸ் வண்டிக்குப் போகும் சரக்கை மட்டும் பெரிய பெட்டியில் கொட்டிவிடுவார்கள். ஒருநாள் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த அக்கா ஒருவரிடம் ஏன் என்று கேட்டேன். 'கூடைலயே தூக்கினா மதியம் வரைக்கும் நடந்துகிட்டே இருக்கணும் தம்பி, மீனு கெட்டுப்பூடும்' என்றார்.

கணினிக்கும் நடைதான் பாரம். ஒவ்வொரு பாக்கெட்டும் வந்தவுடன் நெட்வொர்க் கார்டு செயலிக்குச் சேதி சொல்ல வேண்டும். செயலி முகவரியைப் பார்த்து, பிழை சரிபார்த்து, வரிசை எண்ணை ஒப்பிட்டு உரிய இடத்தில் சேர்க்க வேண்டும். 1500 பைட் பெட்டியோடு முன்னொட்டு, தலைப்பு, சரிபார்ப்பு எண், இடைவெளி என்று 38 பைட் கூடுதலாகக் கம்பியில் ஓடுகிறது. 10 கிகாபிட் இணைப்பை முழுதாக நிரப்பினால் விநாடிக்கு 8 லட்சத்து 12 ஆயிரம் பெட்டிகள். ஒன்றைக் கவனிக்கச் செயலிக்குக் கிடைப்பது ஒரு மைக்ரோ விநாடிக்குச் சற்று மேல். பெட்டியை 9000 பைட்டாக்கினால் எண்ணிக்கை 1 லட்சத்து 38 ஆயிரமாக இறங்கிவிடும். பெட்டிக்குள்ளேயே இருக்கும் தலைப்புகளின் இடம் போக, நம் 60 மெகாபைட் ஓலைப் படம் சின்னப் பெட்டியில் 41,096 தவணை. பெரிய பெட்டியில் 6,697. கம்பியில் மிச்சமாகும் இடம் அதிகமில்லை. பயன்படும் பங்கு 95 விழுக்காட்டிலிருந்து 99 ஆகிறது, அவ்வளவுதான். ஆதாயம் எல்லாம் நடை குறைவதில் இருக்கிறது.

இந்தப் பெரிய பெட்டிக்குத்தான் ஜம்போ ஃபிரேம் என்று பெயர். வில்லியனூரிலிருந்து வானொலியில் அலைச் செய்தி போய்க்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், 1990-களின் இறுதியில், ஆல்டியான் என்ற அமெரிக்க நிறுவனம் இதைக் கொண்டுவந்தது. ஏன் 9000? அப்போது சர்வர்கள் கோப்புகளைப் பகிர்ந்த என்.எஃப்.எஸ். முறையில் தரவு 8192 பைட் கட்டுகளாகப் போகும். தலைப்புகளோடு சேர்த்து ஒரு கட்டு ஒரே பெட்டியில் அடங்க வேண்டும். மறுபக்கம், ஈதர்நெட்டின் 32 பிட் பிழைச் சரிபார்ப்பு சுமார் 11,000 பைட் வரைதான் தன் முழு வலுவோடு காக்கும். இரண்டுக்கும் நடுவில் 9000 வசதியாக உட்கார்ந்தது. ஒளியிழைக் கேபிளில் லட்சம் கோடி பிட்டுக்கு ஒன்று கெட்டால் அதிகம். அந்தக் கணக்கில் 1.4 கோடி ஜம்போ பெட்டிக்கு ஒன்று பழுதாகலாம். வழி சுத்தமானால் பெரிய பெட்டியைப் பற்றிய பயம் வேண்டியதில்லை.

பயப்பட வேண்டியது வாசலைப் பற்றி. ஈதர்நெட் தரத்தை வகுக்கும் அமைப்பு ஜம்போ ஃபிரேமை இன்றுவரை ஏற்கவில்லை. ஆகவே கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் ஸ்விட்ச் என்ற கருவியில், ஒரு கம்பெனியுடையது 9198 வரை விடும், இன்னொன்று 9216 வரை விடும். வாங்கி மாட்டியவுடன் பெரும்பாலானவை 1500-க்குத்தான் திறந்திருக்கும். திசைவி எனப்படும் ரௌட்டர் என்றால், துண்டாக்கக் கூடாது என்ற குறியோடு வந்த பெட்டி பெரிதாக இருந்தால் அனுப்பியவருக்கு 'என் வாசல் இவ்வளவுதான்' என்று பதில் எழுதும். 1990-இல் வகுத்த ஏற்பாடு அது. ஸ்விட்சுக்கு அந்த வழக்கமே இல்லை. தன் வாசலுக்கு அடங்காத பெட்டியைச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். அனுப்பியவருக்கும் தெரியாது, பெறுபவருக்கும் தெரியாது.

இந்த நகரத்தில் ஓர் ஆவணக் காப்பகத்தில் நான் உதவிக்குப் போயிருந்தபோது இதில் இரண்டு நாள் போனது. ஸ்கேன் அறையில் ஒரு ஸ்விட்ச், நடைவழியில் ஒன்று, சர்வர் அறையில் ஒன்று. மூன்றும் வரிசையாக இணைந்தவை. இரண்டு முனைக் கணினிகளும் 9000. ஒரு மழைக்கால இரவில் மின்சாரம் போய் வந்தது. காலையில் படம் எதுவும் சர்வருக்கு ஏறவில்லை. விசித்திரம் என்னவென்றால், சர்வரின் கோப்புப் பட்டியல் திறந்தது. சின்னக் குறிப்புக் கோப்புகள் ஓடிப் போய்ச் சேர்ந்தன. 'இருக்கிறாயா' என்று கேட்கும் பிங் செய்தியை அனுப்பினால் பதில் வந்தது. ஓலைப் படத்தை நகலெடுத்தால் மட்டும் பச்சைக் கோடு பூஜ்யத்தில் நின்றது.

கேபிளை மாற்றினோம். சர்வரின் வட்டுகளைச் சந்தேகப்பட்டோம். ஸ்கேன் செய்யும் தம்பி அந்த ஓலைக்கட்டை மறுபடி துணியில் சுற்றி வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். பழைய ஓலையை அடிக்கடி பிரித்துக் கட்டினால் ஓரம் உதிரும். அதுதான் எனக்கு உறுத்தியது.

பிங் ஏன் ஏமாற்றியது? வழக்கமான பிங் சுமப்பது சில பத்து பைட்டுகள். எந்த வாசலிலும் நுழைந்துவிடும். வாசலை அளக்க வேண்டுமானால் பெட்டியை முழுசாக நிரப்பி, 'வழியில் துண்டாக்காதே' என்ற கட்டளையோடு அனுப்ப வேண்டும். நிரப்ப வேண்டிய அளவு 8972. இந்த எண்ணை நெட்வொர்க் வேலை பார்ப்பவர்கள் தூக்கத்திலும் சொல்வார்கள்: 9000-இலிருந்து ஐ.பி. தலைப்புக்கு 20, பிங்கின் தலைப்புக்கு 8 கழித்தால் மிஞ்சுவது. அனுப்பினோம். பதில் இல்லை. 1472 ஆக்கினோம். உடனே பதில். எங்கோ ஒரு வாசல் 1500-க்குச் சுருங்கியிருக்கிறது என்பது உறுதியாயிற்று.

நடையிலிருந்த ஸ்விட்சில் நுழைந்து ஒவ்வொரு போர்ட்டின் எண்ணிக்கைகளையும் பார்த்தோம். அளவு மீறிய ஃபிரேம்களை அது 'ஜயன்ட்ஸ்' என்ற தலைப்பில் எண்ணி வைக்கும். மற்ற எல்லாப் போர்ட்டிலும் பூஜ்யம், ஸ்கேன் அறைப் பக்கமிருந்து வரும் போர்ட்டில் மட்டும் ஆயிரக்கணக்கில். ஒரு படத்தை நகலெடுக்கச் சொல்லிவிட்டு மறுபடி பார்த்தால் எண் ஏறியிருந்தது. காரணம் எளியது. பல மாதங்களுக்கு முன் ஜம்போ அமைப்பைக் கொடுத்தவர்கள் அதைச் சேமிக்கவில்லை. ஸ்விட்சுக்கு இரண்டு நினைவு: இப்போது ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பு ஒன்று, மின்சாரம் போனாலும் அழியாமல் எழுதிவைத்த அமைப்பு இன்னொன்று. முதலாவது இருட்டோடு போய்விட்டது. விடிந்ததும் ஸ்விட்ச் பழைய 1500-க்கே எழுந்திருக்கிறது.

மாற்றும்போது வரிசை முக்கியம். முதலில் எல்லா ஸ்விட்சுகளையும் திறக்க வேண்டும், பிறகுதான் சர்வரையும் கணினிகளையும் 9000 ஆக்க வேண்டும். தலைகீழாகச் செய்தால் நடுவில் உள்ள நேரமெல்லாம் பெட்டிகள் தரையில் விழும். திரும்பப் பழைய அளவுக்குப் போவதென்றால் கணினிகள் முதலில், ஸ்விட்சுகள் கடைசியில். ஸ்விட்சில் 9000 என்று போடாமல் 9216 போன்ற அதன் உச்ச அளவையே கொடுப்பது நல்லது. 9000 என்பது உள்ளே உள்ள சரக்கின் அளவு. பெட்டியின் தலைப்பும், அது எந்த விலானை (வலைப்பின்னலுக்குள் பிரித்த தனிப் பிரிவு) சேர்ந்தது என்று காட்டும் சீட்டும் அதற்கு மேல் சேரும். சில பழைய ஸ்விட்சுகள் இந்த மாற்றத்தை ஏற்க மறுதொடக்கம் கேட்கும், அதற்கு வேலையில்லாத நேரம் பார்க்க வேண்டும். சோதனையை இரு திசையிலும் செய்ய வேண்டும்.

எல்லாக் கணினியையும் இதில் இழுத்துவிடுவதை நான் ஏற்கமாட்டேன். அலுவலக மேசைகள், அச்சுப்பொறி, வைஃபை எல்லாம் இணையத்தோடு பேசுபவை; இணையத்தின் வாசல் 1500-தான். அமேசானின் மேகக் கணிமையில்கூட உள் வலைப்பின்னலில் 9001 பைட் போகலாம், இணையத்தை நோக்கிக் கிளம்பினால் 1500-ஐத் தாண்ட முடியாது. சேமிப்புக்கென்று தனி விலான் பிரித்து, அதற்குள் மட்டும் பெரிய பெட்டியை ஓடவிடுவதே முறை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இன்றைய நெட்வொர்க் கார்டுகள் இயங்குதளத்திடமிருந்து 64 கிலோபைட் வரை மொத்தமாக வாங்கி, தாங்களே 1500 ஆக நறுக்கி அனுப்புகின்றன. செயலியின் பாரத்தில் பெரும்பகுதி அப்படியே இறங்கிவிடுகிறது. ஆகவே புது சர்வரில் ஜம்போ தரும் கூடுதல் வேகம் விளம்பரத்தில் சொல்வதைவிடக் குறைவாக இருக்கலாம். முன்னும் பின்னும் அளந்து பார்த்து, ஆதாயம் இருந்தால் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் காப்பகத்தில் சர்வர் பழையது, ஓலைப் படங்கள் பெரியவை, அதனால் வைத்துக்கொண்டோம்.

நடையிலிருந்த ஸ்விட்சில் அமைப்பைக் கொடுத்து, இந்த முறை சேமித்து, எங்கள் கையாலேயே மின்சாரத்தை அணைத்துப் போட்டோம். அது எழுந்து வர மூன்று நிமிடம் பிடித்தது. 8972 அனுப்பினேன், பதில் வந்தது. தம்பி துணியைப் பிரித்து ஓலையை மேடையில் வைத்தார். அன்று ஸ்விட்ச் பெட்டியின் கதவில் 'கரண்ட் போய் வந்தால் முதலில் 8972' என்று எழுதி ஒட்டினோம். உப்புக்காற்றில் அந்தத் தாள் ஓரம் சுருண்டு இதுவரை இரண்டு முறை மாற்றி ஒட்டியாயிற்று.