வீட்டுச் சுவருக்கு எந்த வண்ணம்?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

மாமல்லபுரம் கடற்கரையோர ஊர்களில் புதுவீடு கட்டுவோர், வண்ணக்கடை அட்டையைப் பார்த்துச் சுவர் நிறத்தைத் தேர்ந்தெடுக்கின்றனர். கையகல அட்டையில் கண்ணைக் கவரும் நிறம், பத்தடிக்குப் பத்தடி அறையில் அவ்வாறு தெரிவதில்லை. இதன் காரணம் நம் பாடநூலிலேயே உள்ளது.

நன்கு வெள்ளையடித்த சுவர் தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 80 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும். அடர்நீலம் 10 விழுக்காடளவே தரும். திரும்பிய ஒளி எதிர்ச்சுவரில் விழுகிறது. அங்கிருந்து மீண்டும் திரும்புகிறது. எனவே வெள்ளை அறையில் 1 + 0.8 + 0.64 + ... என்று பெருக்குத் தொடராகக் கூட்டினால் 5 வரும். நீல அறையிலோ 1.1 தான்! தரை, கதவு, சன்னல் எல்லாம் ஒளியை விழுங்குவதால் உண்மை வேறுபாடு இதனினும் குறையும், ஆயினும் சிறியதன்று.

இக்கணக்கை நான் விளையாட்டாகப் போடவில்லை. எங்கள் வீட்டு நடு அறைக்கு ஒரே சன்னல். பத்தாம் வகுப்புப் படிக்கும் தங்கைக்கு அதுவே படிப்பறை. மின்சாரம் போனால் பகலிலும் புத்தகத்தை வாசலுக்குக் கொண்டு வருவாள். அப்பாவோ அடர்நீலம்தான் வேண்டும் என்றார். அழுக்குத் தெரியாது, அடிக்கடி செலவும் இராது என்பது அவர் வாதம். கூலிப் பணத்தில் வீடு கட்டியவரின் வாதத்தைத் தள்ளிவிட முடியுமா? அப்பா பள்ளிக்கூடம் சென்றவரல்லர். தாளில் தொடரை எழுதிக் காட்டிப் பயனில்லை. அறையின் ஒரு மூலையில் வெள்ளைத் துணியையும் மறு மூலையில் அம்மாவின் கருநீலச் சேலையையும் கட்டி, நடுவில் உட்காரச் சொன்னேன். சற்று நேரம் இருபுறமும் பார்த்தார். “கீழே மூன்றடி காவி, மேலே வெள்ளை” என்று அவரே தீர்த்தார். கை படும் இடத்தில் காவி, ஒளி வேண்டும் இடத்தில் வெள்ளை. இதைவிட நல்ல விடை எனக்குத் தோன்றவில்லை.

இனி, எதைக் கொண்டு அடிப்பது? கடற்காற்று உப்பைக் கொண்டுவந்து சுவரில் சேர்க்கிறது. உப்பு ஈரத்தை இழுக்கும். காயும்போது படிகமாகி மேற்பூச்சைத் தள்ளும். ஓதம் ஏறிய சுவரில் எண்ணெய்ப் பெயிண்ட் அடித்தால் ஈரம் வெளியேற வழியின்றிக் கொப்புளமாகி உரியும். புதுச் சிமெண்டுப் பூச்சில் அடித்தாலோ அதன் காரத்தன்மை எண்ணெயைச் சோப்பாக்கிவிடும். சுண்ணாம்பு அப்படியன்று. கிளிஞ்சலைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பு, காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மீண்டும் கல்லாகிறது. ஈரமும் அதனூடே வெளியேறும். முதுகு சாய்ந்தால் சட்டையில் ஒட்டும் என்பது உண்மையே. அதற்காகச் சிறிது வஜ்ஜிரம் கலப்பதுண்டு. கடலைவிட்டு விலகிய செங்கற்பட்டு நகரில், உலர்ந்த சுவராயின் எமல்ஷன் தாராளமாக அடிக்கலாம்.

சுண்ணாம்பின் காரத்தை எல்லா வண்ணமும் தாங்காது. காவியும் மஞ்சட்காவியும் தாங்கும். இரண்டும் இரும்பு கலந்த மண்ணே. அல்ட்ராமரின் நீலமும் தாங்கும். இதைச் செயற்கையாகச் செய்யும் முறையை 1826-இல் பிரான்சில் கீமே என்பவர் கண்டார். வெள்ளையடிக்கையில் ஒரு சிட்டிகை நீலம் போடுவது, சுண்ணாம்பின் மஞ்சள் சாயலை மறைப்பதற்கே. பிரஷ்யன் நீலமோ காரத்தில் நிறம் கெடும். ‘சித்திரகாரப்புலி’ என்று பெயர் பூண்ட முதலாம் மகேந்திரவர்மன் ஆண்ட நாடு இது. எட்டாம் நூற்றாண்டுக் காஞ்சி கைலாசநாதர் கோயிலில், சுண்ணாம்புப் பூச்சின்மேல் தீட்டிய ஓவியங்கள் சிதைந்தும் இன்றுவரை எஞ்சியுள்ளன.

ஒரு யோசனை: ஈரச் சுண்ணாம்பில் காவி கருத்துத் தெரியும், காய்ந்தால் வெளிறும். ஆதலால் சுவரில் இரண்டடிச் சதுரம் மட்டும் அடித்து, முழுதும் உலரவிட்டு, காலையில் ஒருமுறையும் இரவு விளக்கொளியில் ஒருமுறையும் பார்த்த பின்னரே மீதிப் பொடியை வாங்குங்கள்.