கட்டத்துக்குள் ஒரு பாட்டு

நம் பாட்டிமார் போட்ட விடுகதையைத் தொல்காப்பியம் ‘பிசி’ என்கிறது. பேப்பரில் வரும் குறுக்கெழுத்து அதற்குத் தங்கச்சி மாதிரி. 1913-ல் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் பிறந்தது. தேவனூர் நாட்டில், குழுக் கூட்டத்துக்கு எல்லாரும் வந்து சேரும்வரை நாங்கள் இரண்டையும் சேர்த்து விளையாடுகிறோம்.

அன்றைய குறுக்கெழுத்தில் ஒரு விடையை எடுத்து, சொல்லை மறைத்து, தோழிக்கு ரெண்டு வரி கட்டணும். ‘மிளகு’ சுலபமா வந்துடுச்சு. இன்னொரு நாள் ஒருத்தி போட்டது இது:

தூங்கையிலும் வளரும், தூக்கினா கனமில்லை;
கட்டத்திலே மூணெழுத்து, கட்டலைன்னா தூக்கமில்லை.

விடை ‘வட்டி’. எழுதும்போது பலர் ரெண்டே கட்டம் போட்டார்கள். புள்ளி வைத்த எழுத்துக்கும் தனிக் கட்டம் உண்டு: வ, ட், டி. அதை விட்டால் ‘வடி’ ஆகிவிடும், கஞ்சிதான் வடிக்கலாம்!

நம்மில் சிலருக்குக் கையெழுத்து மட்டுமே போடத் தெரியும். கடன் கணக்கில் அசல் எது, வட்டி எது என்று ஊக்குநர் சொன்னால்தான் உண்டு. இப்போ ‘வட்டி’ இருக்கிற இடத்தை அவங்களே விரல் வைத்துக் காட்டுறாங்க. பேப்பர் கிடைக்காத நாளில் தீர்மான நோட்டிலிருந்தே சொல் எடுக்கிறோம்.

அடுத்த வாரச் சொல் ‘தவணை’. மூணு கட்டம். பாட்டு உங்களுடையது.